ப்ளிமத்துக்கு மூச்சு முட்டறது

முள் ஏறறது. பார்த்துண்டேதான் இருக்கேன், ஏறறது. கோயில் வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினபோது நட்டநடுவுல சமர்த்தா நின்னுண்டிருந்த சூட்டு மீட்டர் முள், இப்போ வலது பக்கம் சாய ஆரம்பிச்சாச்சு, உள்ள இன்னும் அர்ச்சனையே முடியலை. இஞ்சினை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா தீர்ந்தது கதை. இந்த வயசு வண்டிகளையெல்லாம் சூட்டோட நிறுத்தினா பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாப் போயிடும், அப்புறம் எத்தனை இழுத்தாலும் கர் கர்னு முனகுமே தவிர பிடிக்காது, ஈரத்துணியைப் பிழிஞ்சு பம்ப் மேல போட்டுட்டு அது ஆறற வரைக்கும் தேவுடு காக்கணும். அதனால ஓடிண்டே இருக்கணும். ஓடணும்னா காத்து வேணும். காத்து எங்கேர்ந்து வரும்? முன்னாடி கிரில்லை மொத்தமா மூடி வச்சிருக்கானே அந்தப் பூ அலங்காரக்காரன்! மல்லியும் சாமந்தியுமா நெருக்கமாப் பின்னி, பாய் மாதிரி ஒரு படுதா, நடுவுல சிவப்பு ரோஜால ரெண்டு பேரோட முதல் எழுத்து, ஓரத்துல தென்னங்குருத்து. அதை பைண்டிங் கம்பி வச்சு என் குரோமியம் பட்டைல இறுக்கி முறுக்கியிருக்கான். ரேடியேட்டர் முன்னாடி மட்டும் வேண்டாம்ப்பா, பானட் மேல எவ்வளவு வேணாப் போட்டுக்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் மேடம் போடறது, ஃபோட்டோவுல அதுதான் எடுப்பா இருக்கும்"னான். நான் காப்பி குடிக்கப் போயிட்டு வரதுக்குள்ள கட்டிட்டான். வாயையும் மூக்கையும் பொத்திட்டு, பார் எவ்வளவு அழகா இருக்கேன்னா யாருக்குத்தான் கோபம் வராது? பக்கவாட்டுல செல்லோ டேப் வேற. நான் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் ரேகையே போயிடுத்து அந்தப் பச்சைப் பெயிண்டுக்கு, அது மேல டேப். பானட்டோட ஓரத்துல யாரோ ஐஸ்க்ரீம் கப்பை வச்சுட்டுப் போயிருக்கா. வச்சுட்டுப் போவா, அவா தாத்தா வீட்டு மேஜை பாரு.

ஜானவாசம்னா இவாளுக்கெல்லாம் ஃபோட்டோ, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் போட்டு, திறந்த கார்ல ஏத்தி, நாதஸ்வரமும் தவிலுமா கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் ஊர் பார்க்க அழைச்சுண்டு போறது. அதுக்கு மேல்கூரை இல்லாத கார் வேணும். அது இந்தக் கோயமுத்தூர் ராம்நகர்லயே இப்போ எங்கிட்டதான் இருக்கு. மாப்பிள்ளை வேற யாரு, என் அண்ணா பாஸ்கரோட பிள்ளை, ஸ்ரீவத்ஸன். நான் அவனுக்கு ஒரே அத்தை. கல்யாணம் நிச்சயமான அன்னிக்கே புனேலேர்ந்து வீடியோ கால்ல வந்தான். "அத்தை, உன் ப்ளிமத்லதான் எனக்கு ஜானவாசம். நீ ஓட்டினாதான் ஏறுவேன், இல்லேன்னா நடந்தே வந்துடுவேன்"னான். அப்படியே சொன்னான், ஒரு வார்த்தை கூடக் குறையாம எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னிலேர்ந்து நான் தூங்கினேனா? கார்புரேட்டரை மறுபடி பிரிச்சேன், பிரேக் ஹோஸ் மாத்தினேன், பின்னாடி சீட்டுக்கு வெத்தலைப்பாக்குச் சிவப்புல புதுசா ரெக்ஸின் தைச்சேன், அவன் அதுலதானே உட்காரப் போறான்னு. இப்போ உள்ள உட்கார்ந்திருக்கான், பெண்ணோட தம்பி அவனுக்கு மாலை போட்டுண்டிருப்பான், நெத்தியில சந்தனம் இட்டுண்டிருப்பான். அவன் வரட்டும். அவன் வந்தா எல்லாம் சரியாயிடும். நீ ஓட்டினாதான் ஏறுவேன்னு இவா அத்தனை பேர் முன்னாலயும் சொல்லட்டும், அப்போ இந்த மன்னி முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்கறான்னு பார்க்கறேன். முள் இன்னும் ஒரு நூல் நகர்ந்துடுத்து.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல மன்னி என் கையைப் பிடிச்சுண்டா. புவனா மன்னி கையைப் பிடிச்சான்னாலே என்னமோ வரப்போறதுன்னு அர்த்தம். "ரேணு, வண்டிக்கு ஆக்டிங் டிரைவர் சொல்லியாச்சு"ன்னா. எதுக்கு மன்னின்னேன். "நீ எதுக்குச் சிரமப்படணும்? பட்டுப்புடவையைக் கட்டிண்டு ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டிண்டு..." எனக்கென்ன சிரமம், காலம்பர வீட்டுலேர்ந்து நான்தானே ஓட்டிண்டு வந்தேன்னேன். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தா. குரலைத் தாழ்த்திண்டா. "எனக்கு ஒண்ணும் இல்லைடி. நான் இதெல்லாம் பார்க்கறவளா? சம்பந்தியாத்துல என்ன நினைப்பாளோன்னுதான். மாப்பிள்ளை ஏறற வண்டி. முன்னாடி உட்கார்ந்திருக்கறது..." முடிக்கலை. முடிக்கவே மாட்டா, அதான் அவ சாமர்த்தியம். முன்னாடி உட்கார்ந்திருக்கறது ஒரு புருஷன் செத்தவள்னு அவ வாயால வராது, அதை நான் நிரப்பிக்கணும். ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ். மகளிர் தினத்துக்கு மேடை ஏறினா பெண்ணுக்கு இது முடியாதா அது முடியாதான்னு மைக் அலற அலறப் பேசுவா, நான் முன்வரிசைல உட்கார்ந்து கை தட்டியிருக்கேன். சம்பந்தியாத்துல என்ன நினைப்பாளாம்! அந்த சம்பந்தி மாமி அரை மணி முன்னாடிதான் என் பக்கத்துல ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுத்துண்டு போனா. "மாமி, நீங்களேவா ஓட்டறேள்? எனக்கு ஸ்கூட்டி ஓட்டவே கை நடுங்கும்"னு என் தோள்ல தட்டிட்டுப் போனா. அவாளுக்கு ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமே இல்லாத அவா தலைல பழியைப் போட்டுட்டு, தான் நல்லவளா நின்னுண்டிருக்கா, என் சொந்த மன்னி. நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும், வண்டி வேணும், வண்டிக்காரி வேண்டாமா? வண்டிக்கு மட்டும் தோஷம் இல்லையா? அவர் வாங்கின வண்டிதானே இது? அவர் போனதுக்கு அதுவும்தானே முக்காட்டைப் போட்டுண்டு ஷெட்ல கிடந்தது?

அவர் வாங்கினார்னு சொல்றேன். வாங்கினதோட சரி. என் ஆத்துக்காரர் நடராஜனுக்கு வாய்தான் ஸ்பானர். எந்த ஊருக்குப் போனாலும் ப்ளிமத் கதைதான். மலை மேல அணை வேலைக்கு வந்த ஒரு அமெரிக்க இன்ஜினியர் கப்பல்ல கொண்டுவந்த வண்டி, ஐம்பத்தொண்ணாம் வருஷத்து மாடல், அதான் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கு, கியர் தரைல இல்லாம ஸ்டியரிங் கழுத்துலயே இருக்கு, துணி மேல்கூரையைப் பின்னாடி மடிச்சுக்கலாம். அந்த இன்ஜினியர் ஊருக்குத் திரும்பிப் போறச்சே ஒரு மில் முதலாளி வாங்கினார், அப்புறம் சினிமாக் கம்பெனி, அப்புறம் பல்லடம் பக்கத்துல ஒரு லாரி ஷெட்டு. நாங்க போய்ப் பார்த்தபோது பின்சீட்ல கோழி முட்டையிட்டுண்டிருந்தது. அந்தக் கோழியைத் தூக்கி வெளில விட்டுட்டு, "ரேணு, இதுல உன்னை ஊட்டிக்கு அழைச்சுண்டு போறேன்"னார். ஊட்டியாவது! மேட்டுப்பாளையம் கூடப் போகலை. இஞ்சினைப் பிரிச்சு பிஸ்கட் டின் பிஸ்கட் டின்னாப் போட்டு வச்சார், டின்னைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார், மூடுவார். சாமான் அமெரிக்காலேர்ந்து வரணும்பார். வரலை. அதுக்குள்ள ஒரு நாள் குளிச்சுட்டு வந்தவர் நெஞ்சு வலிக்கறதுன்னு உட்கார்ந்தார், அவ்வளவுதான். எனக்கு அவர் மேலயும் கோபம்தான், ஏன் இருக்கக் கூடாது? பாதில விட்டுட்டுப் போறதுல மனுஷர் ஒரு குறை வைக்கலை. காரியம் முடிஞ்ச கையோட அத்தனை பேரும் வந்துட்டா, அதை எடைக்குப் போடு ரேணு, இடத்தை அடைச்சுண்டிருக்கு ரேணு, ஒண்டியா இருக்கறவளுக்கு எதுக்கு ரேணுன்னு. இதே மன்னிதான், "அந்தச் சனியனைத் தொலைச்சுத் தலை முழுகு"ன்னா. இன்னிக்கு அந்தச் சனியன் முன்னாடி நின்னுண்டு எத்தனை ஃபோட்டோ எடுத்துண்டா, நான் எண்ணலை.

ஒருத்தரும் கேட்கலை, அந்த டின் சாமானையெல்லாம் சேர்த்து எப்படி ஓட வச்சேன்னு. மைலேஜ் என்ன கொடுக்கும்னு கேட்பா. சார் எங்கேன்னு கேட்பா. பம்ப்செட் கம்பெனில தரக்கட்டுப்பாட்டுல இத்தனை வருஷம் குப்பை கொட்டினவ நான், ஒரு பம்ப் எதனால தண்ணி இழுக்கலைன்னு கையை வச்சே சொல்லுவேன், எனக்கு ஒரு கார் இஞ்சின் என்ன பெரிய வேதமா? முதல் தடவை ஓட வச்சப்போ பின்னாடி ரெண்டு சிலிண்டர் மட்டும் கொதிக்கறது. எல்லா மெக்கானிக்கும் ரேடியேட்டரைக் கழுவு, ரேடியேட்டரைக் கழுவுன்னான், கழுவிக் கழுவி ரேடியேட்டர்தான் இளைச்சது. அப்புறம் நானே ஒரு ஞாயித்துக்கிழமை வாட்டர் பம்பைக் கழட்டிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள்ள, இஞ்சின் நீளத்துக்கும் தண்ணியைப் பங்கு போட்டு அனுப்பறதுக்கு ஒரு தகரக் குழாய் படுத்திருக்கு. கொறட்டால பிடிச்சு இழுத்தா துருப் பிடிச்சு அப்பளமா நொறுங்கிண்டு வரது. முன்னாடி இருக்கறதுக்கெல்லாம் நன்னாத் தண்ணி கிடைக்கறது, கடைசில நிக்கறதுக்குப் போய்ச் சேரலை. யாருக்கும் தெரியாம அது மட்டும் உள்ளயே வெந்துண்டிருந்திருக்கு. பித்தளைத் தகடு வாங்கி, அதே மாதிரி ஓட்டை போட்டு வளைச்சு, எண்ணெய் தடவி உள்ள தள்ளினேன். அன்னிக்கு ராத்திரி முழங்கை வரைக்கும் துருவும் கிரீஸுமா இருந்தேன், எனக்குச் சிரிப்பு தாங்கலை. அந்த வண்டியை யாரோ ஒருத்தன் வந்து ஓட்டுவானாம், நான் பொம்மனாட்டிகளோட பின்னாடி நடந்து வரணுமாம். கேட்டா சம்பிரதாயமாம். சம்பிரதாயத்துல ப்ளிமத் எங்கேடி இருந்தது?

அதோ நிக்கறான் ஆக்டிங் டிரைவர், ஜெகதீஷாம். பாவம், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுண்டு வந்திருக்கான், அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. வந்ததும் வலது பக்கக் கதவைத் திறந்தான், ஸ்டியரிங்கைக் காணும். சுத்திண்டு என் பக்கம் வந்தான். "ஏனுங் மேடம், கியர் எங்கீங்க?"ன்னான். காட்டினேன். குச்சியைத் தொட்டுப் பார்த்துட்டுக் கையை எடுத்துண்டான். "நீங்களே ஓட்டுங் மேடம். எதுக்குங்க வம்பு. நான் கூட வேணா நடந்து வர்றேன்"னுட்டுத் தள்ளிப் போய் நின்னுட்டான். அவனுக்கு இருக்கற புத்தி என் கூடப் பொறந்தவனுக்கு இல்லை. அண்ணா வந்தான் சித்த முன்னாடி. என் முகத்தைப் பார்க்கலை, பானட்டைப் பார்த்துப் பேசறான். "ரேணு, நல்ல நாளும் அதுவுமா ஊர் வாயில விழ வேண்டாமே." எந்த ஊர் அண்ணா, யார் சொன்னா, பேரைச் சொல்லு, நான் போய்க் கேட்கறேன்னேன். மென்னு முழுங்கினான். "புவனாவுக்கு மனசுக்கு என்னமோ மாதிரி இருக்காம்." அதைச் சொல்லு! உன் ஆத்துக்காரிக்கு என்னமோ மாதிரி இருக்கு, எனக்கு எப்படி இருக்குன்னு கேட்டியா? "வத்ஸன் என்னை ஓட்டச் சொன்னான். அவன் வந்து வேண்டாம்னு சொல்லட்டும், இறங்கிடறேன்"னேன். அவசரப்பட்டுட்டேனோ? இல்லை, சரியாத்தான் சொன்னேன். அவன் சொல்ல மாட்டான். சின்ன வயசுல என் மடில உட்கார்ந்துண்டு இந்த ஹாரனை அமுக்கினவன் அவன். ஹாரன்னதும் ஞாபகம் வரது, நாதஸ்வரக்காரர் சொல்லிட்டுப் போயிருக்கார், நாங்க முன்னாடி போவோம், திரும்பித் திரும்பிப் பார்க்க முடியாது, வண்டி கிளம்பறச்சே ஒரு ஹாரன் அடிச்சாப் போறும், வாசிச்சுண்டே நடக்க ஆரம்பிச்சுடறோம்னு. டியூப்லைட் தூக்கறவாளும் ரெண்டு பக்கமும் வரிசை கட்டி நின்னாச்சு, அத்தனை விளக்குக்கும் ஒயர் பின்னாடி ஜெனரேட்டர் வண்டிக்குப் போறது. எல்லாம் தயார். முள் மட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டுடுத்து.

தொட்டுடுத்து. வெந்நீர் வாசனை வரது, ரேடியேட்டர் மூடிலேர்ந்து புஸ்ஸுன்னு சன்னமா ஒரு சத்தம். இனிமே பார்த்துண்டிருந்தா இஞ்சின் ஹெட் வளைஞ்சுடும். ஹெட் வளைஞ்சா எல்லாம் மறுபடி பிஸ்கட் டின்தான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், டேஷ்போர்டு பெட்டிலேர்ந்து கட்டிங் ப்ளேயரை எடுத்தேன், இறங்கினேன். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்புல சொருகிண்டு முன்னாடி உட்கார்ந்தேன். முதல் கம்பியை வெட்டினேன். யாரும் கவனிக்கலை. ரெண்டாவதை வெட்டினதும் படுதா ஒரு பக்கமா சரிஞ்சது, ரோஜால எழுதியிருந்த முதல் எழுத்து தலைகீழாத் தொங்கித்து, அப்போதான் ஒரு கத்தல். "ஐயையோ, பூவை அறுக்கறாளே! யாராவது பிடிங்கோளேன்!" கத்தினது மன்னியோட தம்பி ராஜாமணி, மாப்பிள்ளைக்கு மாமா. ஜானவாச வண்டில பூவை அறுக்கறா, அதுவும் யாரு, எந்தக் கையாலன்னு ஒவ்வொருத்தர் கண்ணும் என் கையைத்தான் பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரம்! என் தலைல பூவை எடுத்த அன்னிக்கு யாராவது ஐயையோன்னேளா? பத்தாம் நாள், இந்தக் காலத்துல யார் இதெல்லாம் பண்றான்னு நான் கேட்டேன், பேருக்குத்தான் ரேணு, சாஸ்திரத்துக்குத்தான்னு தலை நிறையப் பூவை வச்சு, கை நிறைய வளையலைப் போட்டு, அப்புறம் யாரோ ரெண்டு தூரத்து உறவு மாமிகள் வந்து எடுத்தா. சுமங்கலி பார்க்கப்படாதுன்னு மன்னி ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திண்டா. மறுநாள் எல்லாரும் இட்லி சாப்பிட்டா. பேருக்குத்தான்னாளே, அந்தப் பேர் இன்னும் என்னை விடலையே! மீதிக் கம்பியையும் வெட்டினேன். படுதா மொத்தமா என் கைல விழுந்தது, ஈரமா, கனமா, குழந்தையைத் தூக்கற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கி பானட் மேல பரத்தினேன். "பூ எங்கேயும் போகலை, ராஜாமணி. ரெண்டடி மேல போயிருக்கு. வண்டிக்கு மூச்சு முட்டறது"ன்னேன். கூட்டத்துக்குப் பின்னாடி மன்னி வாயை முந்தானையால பொத்திண்டு கோயிலுக்குள்ள ஓடறா. ஓடட்டும். நான் ஏறி உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். நின்னுடுத்து. இறங்கலை, ஆனா ஏறவும் இல்லை.

வந்துட்டான். கரும்நீலக் கோட்டு, கழுத்துல மாலை, கண்ணுல மை கூட இட்டு விட்டிருக்கா, ராஜா மாதிரி இருக்கான் என் வத்ஸன், எனக்கு ஒரு நிமிஷம் கோபமெல்லாம் எங்கேயோ போயிடுத்து. நேரா என் பக்கம்தான் வரான். வாடா, வந்து சொல்லு. குனிஞ்சான். மாலைலேர்ந்து ஒரு இதழ் என் கை மேல விழுந்தது. "அத்தை, கோச்சுக்காதே. அம்மா உள்ள அழறா. ஒரு மணி நேரம்தானே, அந்த டிரைவர் ஓட்டட்டுமே." நான் ஸ்டியரிங்கை விடலை. "மாமா கார்ல ஏசி போட்டு வச்சிருக்கா, நீ அதுல பின்னாடி வந்துடு. ப்ளீஸ் அத்தை. இன்னிக்கு ஒரு நாள் எனக்காக." நீ ஓட்டினாதான் ஏறுவேன்னியேடான்னு கேட்டேன். குரல் உடையக் கூடாதுன்னு பார்த்தேன், உடைஞ்சுடுத்து, அதுக்கும் கோபம் வரது. "சொன்னேன் அத்தை. இல்லேங்கலை. ஆனா எல்லாரும் பார்க்கறா, இப்போ எதுக்கு சீன்?" சீனாம்! நான் சீனாம்! கையை நீட்டிண்டு நிக்கறான், சாவிக்கு. அந்தக் கையில மருதாணி. கொடுத்துடலாம். கொடுக்கறதுதான் இவாளுக்கு ஏத்த மருந்து. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைச்சு அந்தக் கையில வச்சுட்டு ஏசி கார்ல போய் உட்கார்ந்தாப் போறும், இந்த சூட்டுல இது ஒரு மணி நேரத்துக்கு யார் கைக்கும் பிடிக்காது, கோட்டு சூட்டோட ராஜாமணியும் அண்ணாவும் முதுகைக் கொடுத்துத் தள்ளட்டும். ஆனா நின்னு போனா யாரைச் சொல்லுவா? அவ கை பட்டுது, அதான் நின்னு போச்சும்பா. என் பேரையும் கெடுத்து என் வண்டி பேரையும் கெடுப்பா. அது என்ன பாவம் பண்ணித்து? துருவைக் கக்கிக் கக்கிப் பிழைச்சு வந்தது, நடுரோட்ல நின்னு பேச்சு வாங்கணுமா? முடியாது. "வத்ஸா, வண்டி நன்னா ஓடறது. ஓட்டறவளும் நன்னாத்தான் இருக்கா. ஏறறதுன்னா ஏறு"ன்னேன். அவன் திரும்பி, கோயில் வாசல்ல வந்து நின்ன அவன் அம்மாவைப் பார்த்தான். அவ்வளவுதான், அது போறும் எனக்கு. ஏறலை அவன். ஒரு அடி பின்னாடி நகர்ந்தான்.

நான் வீட்டுக்குப் போறேன். கிளட்சை அமுக்கினேன், கியர்க் குச்சியை என் பக்கம் இழுத்துக் கீழ தள்ளினேன், முன்னாடி அடைச்சுண்டு நிக்கற கூட்டம் வழி விடட்டும்னு ஹாரனை அடிச்சேன். ஹாரன் சத்தம் அடங்கலை, தவில்ல அடி விழுந்தது. நாதஸ்வரம் எடுத்துடுத்து! நான் நினைக்கவே இல்லை, அவா எனக்கு முதுகைக் காட்டிண்டு நடக்க ஆரம்பிச்சுட்டா, தலையை ஆட்டி ஆட்டி அமர்க்களமா வாசிச்சுண்டு, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. டியூப்லைட்காரர்கள் நகர்ந்துட்டா, ஒயர் இழுக்கவும் ஜெனரேட்டர் வண்டிக்காரனும் தள்ள ஆரம்பிச்சுட்டான். சந்து மாதிரித் தெரு, ரெண்டு பக்கமும் விளக்கு, முன்னாடி மேளம், பின்னாடி ஜெனரேட்டர், நான் எங்கே ஒதுங்கிப் போறது? அவா நடக்கற வேகத்துக்குத்தான் போகணும். பின்னாடி "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ"ன்னு ராஜாமணி கத்தறது காதுல விழறது, ஜெனரேட்டர் சத்தத்துல பாதிதான் விழறது. கண்ணாடில பார்த்தேன். என் வெத்தலைப்பாக்கு ரெக்ஸின் சீட்டு காலி, அதுக்குப் பின்னாடி கோட்டு சூட்டுல ஒருத்தன் மாலையைக் கையில தூக்கிப் பிடிச்சுண்டு வேகமா நடந்து வரான். பக்கத்துல ஜெகதீஷ், சொன்ன மாதிரியே கூடவே நடந்து வரான், "வழி விடுங்க, வழி விடுங்க, மேடம் வர்றாங்க"ன்னு எல்லாரையும் ஒதுக்கிண்டு. மாடில ஜன்னலெல்லாம் திறக்கறது. எனக்கு வெட்கமா இருக்கணுமோ? இல்லை. கிரில்லு வழியா ஜில்லுன்னு காத்து உள்ள போறது எனக்கே தெரியறது, முள் கோட்டை விட்டு இறங்கி, நடுவைப் பார்த்து வந்துண்டிருக்கு. அதோ என் வீட்டுக்குத் திரும்பற முக்கு. நாதஸ்வரம் நேராப் போறது, மண்டபத்துக்கு. இடது பக்கம் ஒடிச்சா என் தெரு, என் ஷெட். ஒடிக்கலை. எதுக்கு ஒடிக்கணும்? எனக்கும்தானே பத்திரிகை வச்சான், முதல் பத்திரிகை அத்தைக்குன்னு? முக்குல இஸ்திரி வண்டிக்காரம்மா தேய்ச்ச சட்டையைக் கையில வச்சுண்டே எட்டிப் பார்த்தா. என்னைப் பார்த்தா, பின்சீட்டைப் பார்த்தா, திரும்ப என்னைப் பார்த்தா. "ஏனுங் அம்மிணி, மாப்பிள்ளை எங்கீங்க?"ன்னா.

"நடந்து வரார்"னேன்.